லோதாரின் பவளம் வெளுத்த குளிர்காலம்

அந்தக் குளிர்காலத்தில் எர்வின் லிப்காவுக்கு ஒரு நாளைக்கு மூன்று தடவை கோபம் வந்தது. காலை ஏழு மணிக்கு, மத்தியானம் ஒரு மணிக்கு, சாயங்காலம் ஆறு மணிக்கு. மூன்றுமே அவர் தொட்டித் தண்ணீரைச் சோதிக்கிற நேரம்.

தொட்டி அப்படியொன்றும் பெரிசில்லை. நூற்று முப்பது லிட்டர் கடல் தண்ணீர். கடல் தண்ணீர் என்றால் கடலிலிருந்து வந்ததில்லை, வடிகட்டின குழாய்த் தண்ணீரில் உப்பைக் கலந்து அவரே செய்தது. ஜெர்மனியின் டூயிஸ்பர்க்கில் இரும்பாலை ஆட்களுக்காகக் கட்டின குடியிருப்பில் இரண்டாம் மாடி வீடு. கூடத்தில் சோபாவுக்கும் பால்கனிக் கதவுக்கும் நடுவில் தொட்டி. உள்ளே ஒரு ஜோடி கோமாளி மீன், சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட இறால் ஒன்று, பாசி மேய்கிற நத்தைகள், பாறை மேலே காளான் மாதிரி மெத்தென்ற பவளங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, விளக்குக்கு நேர் கீழே, லோதாரின் பவளம்.

எர்வின் முப்பத்தொன்பது வருடம் ஆலையில் கிரேன் ஓட்டினவர். உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்த மனுஷன், ஓய்வு பெற்ற பிறகு வெளியே உட்கார்ந்து கண்ணாடிக்குள்ளே பார்க்கிறார் என்று அவர் மனைவி ரோஸ்விதா சொல்வாள். அந்தக் கூண்டில் கதவிடுக்கு வழியாக வந்த காற்று அவர் கழுத்தை நிரந்தரமாகப் பிடித்துவிட்டது. வீட்டுக்குள் எங்காவது நூல் அளவு காற்று நுழைந்தாலும் அவர் கழுத்துக்குத் தெரியும். ரோஸ்விதாவோ காலையில் எழுந்ததும் எல்லா ஜன்னலையும் அகலத் திறந்து மெத்தையை வெளியே தொங்கப் போடாவிட்டால் அன்றைக்குக் காப்பி இறங்காது என்கிற ஜாதி. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் நடந்த சண்டைகளை எண்ணினால் பாதிக்கு மேல் ஜன்னல் சண்டைதான்.

லோதார் ரோஸ்விதாவின் அண்ணன். கூடப் பிறந்தவர்கள் மொத்தம் நாலு பேர். மூத்தவள் இங்கபோர்க் கனடாவுக்குப் போய் அங்கேயே செத்துப்போனாள். அடுத்தவன் யூர்கன் இவர்களோடு பேசுவதில்லை. அவர்கள் அம்மா செத்த அன்று ஒரு சுவர்க் கடிகாரத்துக்காக ஆரம்பித்தது அது. மிஞ்சினது லோதாரும் கடைக்குட்டி ரோஸ்விதாவும். லோதார் வடக்கே ஃப்ளென்ஸ்பர்க்கில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தான். நன்றாக வேலை பார்த்தான், அதைவிட நன்றாகக் குடித்தான். நாற்பத்தெட்டு வயதில் ஒரு நாள் நிறுத்தினான். நிறுத்தினவனுக்கு சாயங்காலம் ஆறு மணிதான் பெரும் பாடு. கை தானாகப் பாட்டிலைத் தேடும். அப்போதுதான் யாரோ ஒரு கடல் தொட்டிக்காரர் சுண்டுவிரல் நகம் அளவு உடைந்த பவளத் துண்டு ஒன்றைக் கொடுத்தார். முள்ளுப் புதர் மாதிரி மெல்லிய கிளை விடுகிற, ரோஜா நிறப் பவளம். தினமும் ஆறு மணிக்கு லோதார் அதன் எதிரில் போய் உட்கார்ந்துகொள்வான். தண்ணீரைச் சோதிப்பான், கண்ணாடியைத் துடைப்பான், துளி மருந்து எண்ணி விடுவான். ஏழரை ஆகிவிடும். ஏழரைக்கு மேல் அவனுக்குப் பயமில்லை. அந்த நகத்துண்டு பதினாறு வருடத்தில் ஒரு காலிஃப்ளவர் அளவுக்கு வளர்ந்தது.

கடல் தொட்டிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பவளம் வளர்ந்தால் கிளையை ஒடித்து நாலு பேருக்குக் கொடுக்கவேண்டும். கொடுத்தவன் தொட்டி என்றைக்காவது செத்துப்போனால், வாங்கினவன் ஒரு கிளையைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். எழுதி வைக்கிற ஒப்பந்தமில்லை, ஆனால் மறுக்கிறவன் மறுபடி எந்தச் சங்கத்திலும் தலை காட்ட முடியாது. லோதாரும் நாலு பேருக்குக் கொடுத்திருந்தான். எர்வினைத் தவிர மற்ற மூன்று பேரிடமும் அது தங்கவில்லை.

அந்த வருடம் ஆகஸ்டில் லோதார் தீவுப் பக்கம் ஒரு வாரம் போயிருந்தபோது வீட்டில் மின்சாரம் போனது. இரண்டு நாள் பம்பு ஓடவில்லை. திரும்பி வந்து கதவைத் திறந்தபோது வாசலிலேயே நாற்றம். ஒன்றுகூட மிஞ்சவில்லை. லோதார் எல்லாவற்றையும் கழுவிக் கொட்டினான், புதுத் தண்ணீர் கலந்தான், நவம்பருக்குள் தொட்டியை மறுபடி தயார் பண்ணிவிட்டான். ஆனால் கடையிலிருந்து ஒன்றும் வாங்கி வைக்க மாட்டேன் என்றான். முதலில் அவள் வரட்டும் என்றான். அந்தப் பவளத்தை அவன் பெண் பிள்ளை மாதிரி அவள் என்றுதான் சொல்வான். டூயிஸ்பர்க் சங்கத்தில் கிளை மாற்றிக்கொள்கிற நாள் மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு. அன்றைக்கு வந்து எடுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. அதுவரைக்கும் ஆறு மணிக்கு வெறும் தண்ணீர் எதிரில் உட்கார்ந்திருந்தான்.

ரோஸ்விதாவுக்குப் பயம் அதில்தான். "வெறுந்தண்ணிய எவ்வளவு நாள் பாப்பான்? எங்கண்ணன எனக்குத் தெரியும் எர்வின்" என்று சொன்னாள். ஒரு தடவைதான் சொன்னாள். அவர் தலையில் ஆணி மாதிரி இறங்கிவிட்டது.

இந்த நிலைமையில்தான் எர்வினின் தொட்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது.

அக்டோபரில் குடியிருப்பை நடத்துகிற வீட்டுச் சங்கத்திலிருந்து ஆட்கள் வந்து பழைய மர ஜன்னல்களை எல்லாம் பிடுங்கிவிட்டுப் புதுசு போட்டார்கள். மூன்று கண்ணாடி, சுற்றிலும் ரப்பர். வெளிச் சுவருக்கும் ஒரு சாண் தடிமனில் மெத்தை மாதிரி ஒட்டினார்கள். எர்வினுக்கு அது கல்யாணத்தைவிடப் பெரிய விசேஷம். மெழுகுவர்த்தி ஏற்றி ஜன்னல் ஓரமெல்லாம் காட்டிப் பார்த்தார். சுடர் அசையவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக வீட்டுக்குள் மப்ளர் இல்லாமல் உட்கார்ந்தார். ரோஸ்விதாவோடு ஒரு சமாதானமும் ஆனது. படுக்கையறை, சமையலறை, குளியலறை எதை வேண்டுமானாலும் அவள் திறந்துகொள்ளலாம். கூடம் மட்டும் மூடி இருக்கும், அதன் கதவும் மூடி இருக்கும். தொட்டித் தண்ணீர் இருபத்தைந்து டிகிரியில் நிற்கவேண்டும் என்று ஒரு காரணமும் அவரிடம் தயாராக இருந்தது.

நவம்பர் நடுவில் பவளக் கிளை நுனிகளில் பூ விரிவது குறைந்தது. பவளம் என்றால் கல் இல்லை, கல்லின் துளைக்குள்ளே குடியிருக்கிற பொடிப் பொடிப் பூச்சிகள். நன்றாக இருந்தால் வெல்வெட் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இல்லாவிட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும். எர்வின் சோதனைப் பெட்டியை எடுத்தார். உப்பு சரி. சுண்ணாம்பு சரி. கழிவு சரி. ஆனால் தண்ணீரின் பி.எச். எட்டேகால் இருக்கவேண்டியது எட்டு காட்டியது. ஒரு வாரம் கழித்து ஏழே முக்கால். தண்ணீர் புளித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். புளித்த தண்ணீரில் பவளத்தால் எலும்பு கட்ட முடியாது.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் லோதார் போன் பண்ணுவான்.

"என்ன மாப்ளே, எம் பொண்ணு எப்படி இருக்கா?"

"அவளுக்கென்ன மச்சான், ராணியாட்டம் இருக்கா."

"நுனியில புதுசா வந்திருக்கா?"

"வராம எங்க போகும்?"

"கம்மியா வெளிச்சம் வெச்சிருக்கியா? நீ கஞ்சன், விளக்க சீக்கிரம் அணைச்சுருவ."

"மச்சான், நான் கிரேன் ஓட்டினவன். எனக்கு வெளிச்சம் தெரியும்."

போனை வைத்ததும் ரோஸ்விதா சமையலறையிலிருந்து கேட்டாள். "ஏன் பொய் சொல்ற?"

"பொய் இல்ல. இன்னும் உண்மையாகல, அவ்வளவுதான்."

டிசம்பர் முதல் வெள்ளிக்கிழமை கடல் தொட்டிச் சங்கக் கூட்டம். நகரத்துக்கு வெளியே தோட்டக்காரர்களின் பொதுக்கூடத்தில் கூடுவார்கள். பத்துப் பதினோரு பேர், ஆளுக்கொரு பீர், தலைக்கு இரண்டு அபிப்பிராயம். எர்வின் வாயைத் திறந்து ஏழே முக்கால் என்று சொன்னதுதான் தாமதம்.

"பம்பு பத்தல" என்றார் ஒருவர்.

"பம்பு ஜாஸ்தி" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"நீ மீனுக்கு ரொம்பத் தீனி போடுற. ஒன் வயித்தப் பாத்தாலே தெரியுது."

"மண்ண மொத்தமா எடுத்துக் கொட்டிரு எர்வின். நான் கொட்டினேன்."

"கொட்டின பெறகு சரியாச்சா?"

"இல்ல. ஆனா கொட்டினேன்."

சங்கத் தலைவர் மான்ஃப்ரெட் டோர்ன் கையை உயர்த்தினார். வாத்தியாராக இருந்தவர், கை உயர்த்தாமல் பேச வராது. "இதுல யோசிக்க என்ன இருக்கு? புளிப்புன்னா காரம் போடணும். சோடாப் பொடி. தினம் காலைல ஒரு கரண்டி கரைச்சு ஊத்து. ஒரே வாரம், எட்டேகாலுக்கு வந்துரும்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. எர்வின் மறுநாளே ஆரம்பித்தார். பொடியைக் கரைத்து ஊற்றினால் ஒரு மணி நேரத்தில் எட்டேகால். முகத்தில் சிரிப்பு. மத்தியானம் எட்டு. சாயங்காலம் ஏழே முக்கால். மறுநாள் ஒன்றரைக் கரண்டி. அதற்கு மறுநாள் இரண்டு. ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிக்கிற மாதிரி ஆனது. டோர்னுக்குப் போன் பண்ணினால், "கரண்டி சின்னதா இருக்கும்" என்றார்.

அதற்குள் கிறிஸ்துமஸ் வந்தது. இரண்டாம் நாள் விருந்து எப்போதும் எர்வின் வீட்டில்தான். எர்வினின் அக்கா அன்னலீஸ, அவள் புருஷன், அவளுடைய இரண்டு பெண்கள், மூத்தவளின் மாப்பிள்ளை, அந்த மாப்பிள்ளையின் அம்மா, ரோஸ்விதாவின் சித்தி மகள் மார்லிஸ், மார்லிஸுடைய நாய். லோதார் கிறிஸ்துமஸுக்கு எப்போதும் தன் மகள் வீட்டுக்குப் போய்விடுவான், அந்த மட்டும் எர்வின் தப்பித்தார். கூடத்தில் மேஜையை இழுத்துப் போட்டு, வாத்து வறுவலும் சிவப்பு முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கு உருண்டையும் வைத்து, மரத்தில் நிஜ மெழுகுவர்த்தி பதினெட்டு ஏற்றி, பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்தவர்கள் நாலு மணிக்குக் காப்பி, கேக், அதற்கப்புறம் பேச்சு என்று ஏழு மணிவரை எழுந்திருக்கவில்லை.

மார்லிஸ் ஒரு கட்டத்தில் கழுத்துத் துணியால் விசிறிக்கொண்டாள். "கொஞ்சம் ஜன்னலத் தொறங்களேன், மூச்சு முட்டுது."

"காத்து அடிக்கும்" என்றார் எர்வின்.

"காத்து அடிக்கத்தான் தொறக்கச் சொல்றேன்."

"இந்த ஜன்னல் என்ன ஜன்னல்னு தெரியுமா உனக்கு? மூணு கண்ணாடி. தெருவுல லாரி போனாக்கூடக் கேக்காது." ஜன்னலின் பெருமையை அவர் சொல்லி முடிப்பதற்குள் மார்லிஸ் நாயைக் கூட்டிக்கொண்டு படிக்கட்டுக்குப் போய்விட்டாள்.

அன்றைக்குப் பி.எச். மீட்டர் ஏழரை காட்டியது. அவர் பவளம் வளர்த்த வருடங்களில் அப்படி ஒரு எண்ணைப் பார்த்ததே இல்லை. அக்கா மகளின் சென்ட்தான் காரணம் என்று முடிவு பண்ணினார். அக்காவுக்குப் போன் பண்ணி அதைச் சொல்லவும் சொன்னார். ஈஸ்டர் வரைக்கும் அன்னலீஸ அவரோடு சரியாகப் பேசவில்லை.

ஜனவரியில் மூன்று கரண்டி. நுனிகள் வெளுக்க ஆரம்பித்தன. முதலில் மேல் கிளைகள், அப்புறம் பக்கக் கிளைகள். தோல் உரிந்து வெள்ளை எலும்பு தெரிந்தது. காரம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அதற்கான வேறு சோதனையில் பார்த்தபோது, ஏழு எட்டு இருக்கவேண்டியது பதிமூன்று. அதைக் குறைக்கத் தண்ணீரை மாற்றினார். மாற்றினால் புளிப்பு. புளிப்புக்குப் பொடி. பொடி போட்டால் பதிமூன்று. சோதனைக் குழாய்களைக் கழுவி வரிசையாக வைக்கும்போது அவர் தாடை இறுகிப்போயிருக்கும். ரோஸ்விதா சாப்பிடக் கூப்பிட்டால், "நான் பட்டினி கெடந்தா அது பொழைக்கும்னா கெடக்கறேன்" என்பார்.

"நீ சாப்பிடாட்டி உருளக்கிழங்குதான் ஆறும். வா."

பிப்ரவரிக்குள் காலிஃப்ளவரில் முக்கால்வாசி வெள்ளை. கீழே பின்பக்கமாக, நிழலில், இரண்டு விரல் நீளத்துக்கு ஒரு கிளைக் கூட்டம் மட்டும் ரோஜா நிறமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை போனில் அவர் குரல் வாரத்துக்கு வாரம் உரக்க ஆனது. ராணியாட்டம் இருக்கா மச்சான்.

பிப்ரவரிக் கூட்டத்துக்கு அவர் தண்ணீரையே கொண்டுபோனார். அவருடைய மீட்டர்தான் கெட்டுப்போயிருக்கவேண்டும் என்று டோர்ன் போனில் சொல்லியிருந்தார். சங்கத்தில் நம்பிக்கையான மீட்டர் கிசலா அம்மாவினுடையது. கிசலா இருபத்தைந்து வருடம் நகராட்சி நீச்சல் குளத்தில் தண்ணீர் பார்த்தவள். அதிகம் பேசமாட்டாள், பீரும் குடிக்கமாட்டாள். எர்வின் மூடி சரியாகப் பொருந்தாத சின்ன வாளியில் தண்ணீரை எடுத்து, சைக்கிள் கூடையில் வைத்து, கல் பாவின தெருவெல்லாம் முக்கால் மணி நேரம் மிதித்தார். போய்ச் சேர்ந்தபோது பாதித் தண்ணீர் அவர் கால்சட்டையில் இருந்தது.

கிசலா மீட்டரை விட்டாள். எட்டேகாலுக்கு ஒரு மயிரிழை கம்மி.

"அப்ப உன் மீட்டர்தான் கோளாறு" என்றார் டோர்ன், மனம் குளிர்ந்து.

எர்வின் தன் மீட்டரைப் பையிலிருந்து எடுத்து அதே வாளிக்குள் விட்டார். அதுவும் அதேதான் காட்டியது.

எர்வினுக்குக் காது சிவந்தது. "வீட்ல ஏழே முக்கால். இதே தண்ணி. இதே மீட்டர். என்ன, என்னப் பாத்தா மட்டும் புளிக்குதா அதுக்கு?"

கிசலா வாளியையும் பார்த்தாள், அவர் நனைந்த கால்சட்டையையும் பார்த்தாள்.

"வழியெல்லாம் குலுங்கிச்சா லிப்கா?"

"குலுங்காம? பாதி கொட்டிப்போச்சு."

"உங்க வீட்டுல ஜன்னல் எப்படி?"

எர்வினுக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. "புதுசு. மூணு கண்ணாடி. அக்டோபர்ல போட்டாங்க. மெழுகுவத்தி காட்டினாக்கூட..."

"தொறப்பீங்களா?"

"எதுக்குத் தொறக்கணும்?"

கிசலா மீட்டரைத் துடைத்து உறையில் போட்டாள். "மூடின நீச்சல் குளத்துல சனிக்கிழம ஸ்கூல் பசங்க நூறு பேர் வந்தா எங்களுக்கு இதே பாடுதான். மனுஷன் விடுற மூச்சு எங்க போகும்? தண்ணிக்குள்ளதான் போகும். சோடா பாட்டில்ல என்ன இருக்கு, அதான். உங்க தொட்டில அழுக்க நுரையா எடுக்கற கருவி கூடத்துக் காத்த உறிஞ்சித் தண்ணிக்குள்ள விடுதில்ல? நீங்க விடுற மூச்ச அது எடுத்துப் பவளத்துக்கு ஊட்டுது. வீட்டுக்குப் போங்க. ஒரு கிளாஸ் தண்ணிய கூடத்துல கலக்குங்க, ஒரு கிளாஸ பால்கனில கலக்குங்க. ஒரு மணி நேரம். அப்புறம் பாருங்க."

"அப்ப பொடி?" என்றார் டோர்ன்.

"பொடி போட்டா புளிப்பு போகாது மான்ஃப்ரெட். காரம்தான் சேரும். நுனி எல்லாம் வெந்துபோயிருக்கும். வெந்திருக்கா லிப்கா?"

எர்வின் வாளி மூடியைத் தேடினார். டோர்ன் கையை உயர்த்தினார், யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

மறுநாள் காலை அவர் இரண்டு கிளாஸ் வைத்தார். கூடத்துக் கிளாஸ் ஏழே முக்காலிலேயே நின்றது. பால்கனியில் மப்ளரும் தொப்பியும் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் கரண்டியால் கலக்கின கிளாஸ் எட்டேகால். கீழே குப்பை கொண்டுபோன பக்கத்து வீட்டுக்காரி அண்ணாந்து பார்த்து, "காப்பி ஆறிரும் லிப்கா" என்றாள்.

அவர் உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்தார். நவம்பரிலிருந்து மூன்று மாதம். மூன்று வேளை சோதனை. நூறு கரண்டியாவது பொடி. இந்த வீட்டுக்குள் அவர் விட்ட மூச்சு.

"ரோஸ்விதா."

"என்ன?"

"அந்த ஜன்னலத் தொற."

அவள் கையில் இருந்த துணியோடு வந்து வாசலில் நின்றாள். "எந்த ஜன்னல?"

"உனக்குத் தெரியும் எந்த ஜன்னல்னு."

"இல்ல எர்வின். இந்த வீட்ல நாலு ஜன்னல் இருக்கு. மூணத் தொறக்கத்தான் எனக்கு அனுமதி."

"கூடத்து ஜன்னல்."

"இன்னொரு தரம் சொல்லு. சமையலறைல ரேடியோ ஓடுது, சரியாக் கேக்கல."

அவர் இன்னொரு தரம் சொன்னார். அவள் ரேடியோவை அணைத்துவிட்டு வந்து மூன்றாவது தடவையும் சொல்ல வைத்தாள். அப்புறம் ஜன்னலைத் திறந்தாள். மேல்பக்கத்தை மட்டும் உள்ளே சாய்த்து வைக்கிற மாதிரி இல்லை, அகல விரியத் திறந்தாள். பிப்ரவரிக் காற்று கூடத்துக்குள் குடும்பத்தோடு வந்து இறங்கியது. எர்வின் கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நுரைக் கருவியின் காற்றுக் குழாயை வெளியே விட்டால் போதும் என்று அவர் ஒரு யோசனை பண்ணினார். அதற்குச் சுவரில் விரல் தடிமனுக்கு ஒரு ஓட்டை போடவேண்டும். வீட்டுச் சங்கத்துக்கு எழுதினார். புது மெத்தைச் சுவரில் ஊசிகூடக் குத்தக்கூடாது என்று பதில் வந்தது, இரண்டு கையெழுத்தோடு. ஆகக் குழாய் ஜன்னல் வழியாகத்தான் போனது. ஜன்னல் இரவும் பகலும் நாலு விரல் சாய்ந்தே இருந்தது. மப்ளர் திரும்ப வந்தது, இந்தத் தடவை இரண்டு.

பொடியை நிறுத்தினார். வாரம் ஒரு தடவை கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றினார், அவ்வளவுதான். கிசலா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், மற்றபடி கை வைக்கக்கூடாது. ஒன்றும் செய்யாமல் இருப்பது எர்வினுக்கு மூன்று வேளை சோதனையைவிட எரிச்சலாக இருந்தது. கிரேனில் பாரம் ஆடினால் நெம்புகோலைத் தொடாமல் விட்டால்தான் தானாக நிற்கும். அது அவருக்குத் தெரியும், முப்பத்தொன்பது வருடம் அதைத்தான் செய்தார். தெரிந்து என்ன, கை அரிக்கத்தான் செய்தது.

அந்த ஞாயிறு லோதார் பேசினபோது அவர் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டார்.

"மச்சான், கேளு. முக்கால்வாசி போச்சு. நான்தான் கொன்னேன். நவம்பர்லேர்ந்து பொய் சொல்லிட்டிருக்கேன்."

எர்வின் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு அடித்து ஐந்து நிமிஷம். ரோஸ்விதா கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

"மிச்சம் இருக்கா?" என்றான் லோதார்.

"ரெண்டு விரல் நீளம். பின்பக்கம்."

"நவம்பர்லயே சொல்லியிருந்தா நான் வந்து பாத்திருப்பேன்ல. நீ என்னைய என்னன்னு நெனச்சே? கேட்டதும் கடைக்குப் போய் ஒரு பாட்டில் வாங்கிருவேன்னா?"

எர்வின் ரோஸ்விதாவைப் பார்த்தார். ரோஸ்விதா தரையைப் பார்த்தாள்.

"ஆமா" என்றார் எர்வின்.

"முட்டாப் பய மாப்ளே." குரலில் கோபம்தான். "நான் மார்ச்சுக்கு வரேன். அதுவரைக்கும் அவளத் தொடாத. நீ சோதிக்கவே வேணாம், போதும்."

மார்ச் இரண்டாவது ஞாயிறு அவன் கையில் தெர்மோகோல் பெட்டியோடு வந்தான். சங்கக் கூடத்துக்குப் போகவில்லை, ரயிலடியிலிருந்து நேராக வீட்டுக்கு. கோட்டைக் கழற்றாமல் தொட்டி முன்னால் குனிந்து வெகு நேரம் பார்த்தான். வெள்ளை எலும்பின் மேல் பச்சைப் பாசி படிய ஆரம்பித்திருந்தது. பின்பக்கக் கிளையின் நுனியில் மட்டும், அரிசி முனை அளவுக்கு, வெளிர் ரோஜா நிறத்தில் புதுசாக ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. மூன்று வாரத்து வளர்ச்சி.

"வெட்ட வேணாம் மச்சான்" என்றார் எர்வின். "இப்பதான் மூச்சு விடுது. வெட்டினா மொத்தமும் போயிரும். இலையுதிர் காலத்துல வா. நானே கொண்டுவந்து தரேன்."

"உன் ஒரு தொட்டில மட்டும் இருந்தா, அது இருக்கறதா அர்த்தமா? என்கிட்ட மட்டும் இருந்துச்சு, என்ன ஆச்சு?"

"செத்துப்போனா?"

"பாதிதான் சாகும். அந்த வெட்டுக் கத்திரியக் கொடு."

"நான் கொடுக்க மாட்டேன்."

"ரோஸ்விதா, உன் புருஷன் கத்திரிய எங்க வெச்சிருக்கான்?"

"மேஜை இழுப்பறைல" என்றாள் ரோஸ்விதா.

எர்வின் அவளைப் பார்த்த பார்வை வேறு நாளாக இருந்தால் சண்டையில் முடிந்திருக்கும். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, அண்ணன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு காலத்தில் காப்பிக் கோப்பை பிடிக்க முடியாமல் ஆடின கை. லோதார் சட்டையைத் தோள்வரை சுருட்டி, கையைத் தண்ணீருக்குள் விட்டு, கிளைக் கூட்டத்தின் நடுவில் கத்திரியை வைத்து ஒரே அழுத்து. ஆடவே இல்லை. பென்சில் ஒடிகிற சத்தம் கண்ணாடி வழியாகக் கேட்டது. பாதி அவன் விரலுக்கு நடுவில், பாதி பாறையில்.

ரயில் ஏற்றிவிட எர்வினும் போனார். வழியெல்லாம் தண்ணீர் சூடு குறையக்கூடாது, ஹாம்பர்கில் மாறும்போது பெட்டியைத் தரையில் வைக்கக்கூடாது, ஜன்னல் பக்கம் உட்காரக்கூடாது என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஹாம்பர்கிலிருந்து லோதார் போன் பண்ணி, வண்டி நாற்பது நிமிஷம் தாமதம், பெட்டி கோட்டுக்குள்ளே வயிற்றோடு இருக்கிறது, அவன் பிள்ளைத்தாச்சி மாதிரி நிற்கிறான், ஒரு அம்மாள் எழுந்து இடம் கொடுத்தாள் என்றான்.

லோதாரின் தொட்டியில் முதல் நாள் பூச்சிகள் வெளியே வரவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் வேலை நாள், லோதார் போன் பண்ணுகிற நாளே இல்லை. ஆறு மணி தாண்டிப் போன் அடித்தது. ரோஸ்விதாதான் எடுத்தாள். கேட்டுக்கொண்டே அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வந்திருச்சாம்" என்றாள். "எல்லாக் கிளையிலயும். எண்ணிட்டிருக்கான். நூத்திப் பன்னெண்டு வரைக்கும் எண்ணிட்டானாம், பாதில நிறுத்த முடியாதுன்னு போனக் கீழ வெச்சுட்டுப் போயிட்டான்."

எர்வின் போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். தூரத்தில் பம்பு ஓடுகிற சத்தமும், ஒரு மனுஷன் எண்களை முணுமுணுக்கிற சத்தமும் கேட்டன. வைக்க மனசில்லாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார். நூற்று நாற்பதில் லோதாருக்குக் கணக்குத் தப்பியது, கெட்ட வார்த்தை ஒன்று சொல்லிவிட்டு ஒன்றிலிருந்து மறுபடி ஆரம்பித்தான்.